முட்டுக்கட்டை

படகு இருநூறு டாலர்,
அது ஏறி நின்ற டிரெய்லர் முந்நூறு.
"மிதக்குமா?" என்றேன்.
"மிதந்தது" என்றான் விற்றவன்.

கிம்லியில் ஏரி இறுகிக்கொண்டிருந்த நவம்பர்.
கொட்டகையில் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினேன்.
பதினாறு அடி அலுமினியம்.
வயிற்றில் யாரோ பூசிய தார்,
தாருக்கு மேல் சிலிக்கான்,
அதற்கும் மேல் சூயிங்கம் போல ஏதோ.
முப்பது வருடச் சமாளிப்பு.

நிமிர்த்தித் தளத்தைப் பெயர்த்தால்
மிதப்பதற்கென்று அடைத்த நுரைக்கட்டி
ஏரியைக் குடித்துவிட்டுக் கல்லாய்க் கிடந்தது.
பின்பலகையை அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று.
மோட்டாரைத் தாங்கவேண்டிய பிளைவுட்
வடிகட்டிய காப்பித்தூளாய்க் கையோடு வந்தது.
ஒன்பது விலாவில் நான்கு முறிந்திருந்தன.
ஏராவில் ஒரு விரிசல்
நேற்று நகத்தளவு,
தேய்த்துத் துடைத்தபின் முழங்கையளவு.

எல்லாவற்றையும் கூட்டினால் புதுப்படகின் விலை வரும்.
நான் கூட்டவில்லை.

மெல்லிய தகடு, பற்றவைத்தால் உருகிவிடும்.
ரிவெட்தான். அதற்கு இரண்டு பேர்.
வெளியே ஒருவன் துப்பாக்கியால் அடிக்க,
உள்ளே ஒருவன் ஆணியின் வாலுக்கு எதிரே
இரும்புத்துண்டை அழுத்திப் பிடிக்கவேண்டும்.
முட்டுக்கட்டை.
அது இல்லாமல் எந்த ஆணியும் பிடிக்காது.

முட்டுக்கட்டை போடுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று
பதினோரு வருடம் சொன்னவள் ரக்னா.
ஊரில் ரிவெட் துப்பாக்கி வைத்திருப்பவன்
விமானத் தகடு அடித்துப் பழகிய ஓரெஸ்ட்,
ரக்னாவின் இப்போதைய கணவன்.

மூன்று நாள் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன்.
நான்காம் நாள் வாசலில் அவனே,
தொப்பியில் பனி, கையில் பெட்டி.
"நானூறு ரிவெட் வாங்கினாயாம்.
எந்தக் கையால் அடிக்கப் போகிறாய்?"

மறுபடி கவிழ்த்தோம்.
நான் அடியில் ஊர்ந்து போனேன், நெற்றியில் விளக்கு.
உள்ளிருந்து ஒரு தட்டு என்றால் இன்னும் அடி.
இரண்டு என்றால் போதும், அடுத்தது.
மூன்று என்றால் நிறுத்து.
வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.
எங்களுக்கு நடுவே
ஒரு நாணயத்தின் கனம்கூட இல்லாத தகடு.

ஜனவரி சனிக்கிழமைகள்,
வெளியே மைனஸ் முப்பது.
அவன் அடிப்பது என் கடைவாய்ப்பல்லில் கேட்டது.
புது விலா நான்கும் ஏறின.
பின்பலகை ஏறியது.
ஏராவுக்கு ஒட்டுத்தகடு,
இரண்டு வரிசையில் ஆணிகள்.

ஒருநாள் அடி நின்றது.
ஆணி பாதியில்.
தகட்டின் அந்தப்புறமிருந்து குரல் வந்தது:
"உன் முதுகு எப்படி என்று
ரக்னா கேட்கச் சொன்னாள்."

இரும்பைக் கை மாற்றினேன்.
விளக்கு வெளிச்சத்தில் என் மூச்சு மட்டும் தெரிந்தது.
இரண்டு முறை தட்டினேன்.

அவன் அடுத்ததற்குப் போனான்.

ஏப்ரலில் நிமிர்த்தி
டிரெய்லரில் வைத்தபடியே குழாயைத் திறந்துவிட்டோம்.
ஓட்டையைக் கண்டுபிடிக்க
ஏரியைப் படகுக்குள் ஊற்றவேண்டும்.
அடியில் மல்லாந்து படுத்தோம், தோளோடு தோள்,
ஆளுக்கொரு மெழுகுப் பென்சில்.
கால் மணி, அரை மணி.
காய்ந்த வயிறு.

பிறகு ஏரா ஓரத்தில் ஒரு சொட்டு
திரண்டு, யோசித்து,
ஓரெஸ்டின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

அவன் அந்த ஆணியைச் சுற்றி வட்டம் போட்டான்.
துடைத்துக்கொள்ளவில்லை.
"இதற்கு நீ இரண்டு தட்டினாய்."

ஆமாம் என்றேனா, நினைவில்லை.
அவன் நீரைத் திறந்துவிட்டான்.
சரிவில் ஓடி அழுக்குப் பனியைக் கரைத்தது.
ஆணியைத் துளையிட்டு எடுத்தான்,
அதைவிடச் சற்றுத் தடித்த ஒன்றைச் செருகினான்,
கீழே படுத்துத் துப்பாக்கியைத் தூக்கிக் காத்திருந்தான்.

ஈரத் தளத்தில் மண்டியிட்டு
இரும்பை வைத்தேன்.
அடித்தான். நிறுத்தினான்.

ஒரு தட்டு.